மினுக்கினது ஒண்ணு, கீறல் விழுந்தது ஒண்ணு: பழைய .44 ரிவோல்வர் வாங்கின கதை

காலைல ஆறரை மணி. டிக்கோயாப் பக்கம் மிஸ்ட் இன்னும் லயத்துக் கூரையை விட்டு எழும்பல. நான் ஒரு கையில பிளேன்டீ, மறு கையில போன், போனுக்குள்ள அலாஸ்காவுல ஒரு துவக்குக் கடை. அங்க முதல் நாள் சாயந்தரம் அஞ்சு மணி, கோடைகாலம், வெயில் கொளுத்துது. கண்ணாடிப் பெட்டிக்கு மேல ஒரு பச்சைத் துணிய விரிச்சி அதுல பளபளன்னு ஒரு ரிவோல்வர் வச்சிருக்கு, என் தங்கச்சி மாப்பிள்ள கேமராவ அதுக்குக் கிட்ட கொண்டுபோய் "மச்சான் தெரியுதா, தெரியுதா"ங்கிறாரு.

இந்தக் கேஸ முழுசா எழுதி வைக்கணும்னு நெனச்சதுக்குக் காரணம், இதுல ஒரு துவக்க நாங்க சரியா ஒதுக்கினோம், ஒண்ண சரியா வாங்கினோம், வாங்கினதுல ஒரு எடத்துல நான் கோட்டை விட்டேன், அதுக்கப்புறம் அத சரி பண்ணப்போய் இன்னொரு பிழையும் விட்டேன். நாலையும் சேத்துச் சொன்னாத்தான் கதை முழுசு.

நான் யாருன்னா, தேயிலை ஸ்டோர்ல பிட்டர், இருபத்தாறு வருஷ சர்வீஸ். ரோலர், ட்ரையர், ட்ரஃப் ஃபேன், சிஃப்டர், எது நின்னாலும் "பிட்டர் பாஸ கூப்புடு" தான். ரிவோல்வர வாழ்க்கையில கையால தொட்டதில்ல, தொடவும் முடியாது. நம்ம இலங்கைல 1916ம் வருஷத்துச் சுடுகலன் சட்டம் இன்னும் நடைமுறைல இருக்கு, லைசன் இல்லாம எதையும் வச்சிருக்க ஏலாது, இருக்கிறவங்களும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும். காணி வச்சிருக்கிற ஒருத்தர் காட்டுப்பண்டிக்குன்னு கேட்டா ஷொட்கன் லைசன் கெடைக்க வழி இருக்கு, ரிவோல்வர் பிஸ்டல்னா அது பாதுகாப்பு அமைச்சு வரைக்கும் போற விஷயம், ஸ்டோர் பிட்டருக்கு எட்டாது.

எட்டுறது என்னன்னா கட்டுத்துவக்கு. அதையும் சொல்லாம விட ஏலாது. தண்ணி பைப்ப வெட்டி காட்டுப்பண்டி போற வழியில கட்டி வைக்கிறது, பண்டி வராது, வெறகு பொறுக்கப் போன மனுசன் கால்தான் போகும். லேத் தெரிஞ்ச ஆள்னா ஒரு நாளைக்கு இல்ல ஒரு நாள் யாராவது வந்து தலைய சொறிஞ்சிக்கிட்டு நிப்பாங்க, "பாஸ் ஒரு சின்ன வேல". நான் மூணு பேர வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கேன், அதுல ஒருத்தர் சொந்தக்காரர், இன்னைக்கும் கல்யாண வீட்டுல மூஞ்ச திருப்பிக்கிட்டுத்தான் போவாரு. போகட்டும்.

ரிவோல்வர்ங்கிற சாமான் எங்க வீட்டுக்குள்ள கதையாத்தான் வந்துச்சு. தாத்தா பெரிய தொர பங்களாவுல வேல செஞ்சவரு. தொரகிட்ட ஒரு வெப்ளி இருந்திச்சாம், நடுவுல மடிஞ்சி தொறக்கிற மாதிரி, பழைய .455. பங்களா மேட்டுல தென்மேற்கு மழை புடிச்சா ரெண்டு மாசம் சுவரே வேர்க்கும், அலுமாரிக்குள்ள சப்பாத்து பூஞ்சணம் பூக்கும், அந்த ரிவோல்வர நாலு நாள் தொடைக்காம விட்டா செவப்பா பொடி கட்டிடுமாம். தாத்தாவோட வேலைல ஒண்ணு தொர எண்ண போடும்போது பக்கத்துல பழந்துணியோட நிக்கிறது. தொட்டுப் பாக்க விட்டதில்ல, ஆனா துணிய மணந்து பாத்தா என்ன எண்ணன்னு சொல்லிடுவேன்னு பெருமை பேசுவாரு. 75ல கம்பனித் தோட்டமெல்லாம் அரசாங்கம் எடுத்தப்போ தொர கப்பல் ஏறிட்டாரு, அந்த வெப்ளி என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது.

மாப்ள இருக்கிறது ஆங்கரேஜ். தங்கச்சி அங்க நர்ஸ், இவரு மீன் பதப்படுத்துற கம்பனில ஸ்டோர் கீப்பர், ரெண்டு பேருக்கும் கிரீன் கார்ட் இருக்கு. லீவு கெடைச்சா கீனாய் பக்கம் சால்மன் புடிக்கப் போவாங்க. ரஷ்யன் ரிவர்னு ஒரு எடம், சொக்கை சால்மன் ஏறுற சீசன்ல மனுசன் எவ்வளவு பேரோ அந்தளவுக்கு கரடியும் வரும், பழுப்புக் கரடி, நம்ம ஊர் கரடி மாதிரி மூணு மடங்கு. போன வருஷம் ஒண்ணு இவரு வெட்டி வச்ச மீனுக்கு நேரா நடந்து வந்திச்சாம், இவரு மீன விட்டுட்டு பின்னாலயே நடந்து வந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் இந்த ஆசை. அங்க முதல்ல சொல்றது கரடி ஸ்ப்ரே தான், மொளகாக் காரம் அடைச்ச டப்பா. அத நான் முதல்ல வாங்க வச்சேன். தங்கச்சி "அது போதும், துவக்கெல்லாம் வேணாம்"னு ஒரு மாசம் பேசல. கடைசில மாப்ள ரெண்டு நாள் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் வந்த பொறகு, வீட்டுல பூட்டுற பெட்டி ஒண்ணு வாங்கின பொறகு, சரின்னுச்சு.

ஏன் .44, ஏன் ஸ்டெயின்லஸ்னு கேட்டா ரெண்டாவது கேள்விக்குப் பதில் எங்க ஸ்டோர்லயே இருக்கு. பச்சக் கொழுந்து சாறு சும்மா இரும்புல பட்டா கறுத்துப் போகும், மை மாதிரி. தேயிலையோட டெனின் இரும்போட சேந்தா அப்படித்தான், பழைய காலத்துல எழுதுற மையே அந்த மாதிரிதான் செஞ்சாங்க. அதனாலதான் ரோலர் மேசைக்கு பித்தளை போட்டான் வெள்ளக்காரன், இப்ப கொழுந்து படுற எடமெல்லாம் ஸ்டெயின்லஸ்ஸா மாறிக்கிட்டு வருது. மாப்ளைக்கு உப்புத் தண்ணி, மழை, மீன் ரத்தம், மூணும் இருக்கு. கறுப்பு பூச்சு போட்ட துவக்க அங்க கொண்டுபோனா தாத்தாவோட பழந்துணி வேல இவருக்கு வந்துடும்.

ஆனா ஸ்டெயின்லஸ்னா துருவே புடிக்காதுன்னு நெனைக்கக் கூடாது. கடைல மாப்ள ஒரு கூத்து பண்ணாரு. நான் சொன்னேன்னு ஃபீலர் கேஜ், சந்து அளக்கிற மெல்லிசு தகடு, ஒண்ணு, சின்ன டோர்ச் ஒண்ணு, காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போயிருந்தாரு. காந்தத்த வச்சதும் டக்குனு ஒட்டிடுச்சு. மெதுவா என்கிட்ட, தமிழ்லதான், "மச்சான் இது டூப்ளிகேட்டு போல, ஒட்டுதே"ங்கிறாரு. கிச்சன் சிங்க் செய்யிற 304ல காந்தம் ஒட்டாது உண்மை, ஆனா அத சூடாக்கி கடினப்படுத்த ஏலாது, துவக்குக்கு அது சரிவராது. துவக்குக்குப் போடுறது 400 வரிசை, காந்தம் ஒட்டும், கடினமாக்கலாம், ஆனா துருவத் தாங்குற சக்தி சிங்க்க விட கொஞ்சம் கம்மி. அதனால உப்புத் தண்ணில போட்டா கழுவித் தொடைச்சி எண்ண பூசத்தான் வேணும். கறுப்புத் துவக்கு ஒரு ராத்திரில பழிவாங்கும், இது ஒரு வாரம் பொறுத்துப் பாக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

.44 மெக்னம்ங்கிற ரவை 1955 கடைசில ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேந்து கொண்டு வந்தது. எல்மர் கீத்னு ஒரு மாடு மேய்க்கிற எழுத்தாளர் பழைய .44 ஸ்பெஷல்ங்கிற ரவைல மருந்த ஏத்தி ஏத்தி சுட்டுப் பாத்து, இதுக்கு மேல ஒண்ணு வேணும்னு வருஷக்கணக்கா அவங்க உயிர வாங்கினாரு. பேருதான் 44, உண்மையில ஈயம் .429 இஞ்சி, நம்ம கணக்குல 10.9 மில்லிமீட்டர். வழக்கமா வர்ற 240 கிரெய்ன் ஈயம் பதினஞ்சரை கிராம், அது செக்கனுக்கு ஏறக்குறைய 400 மீட்டர் வேகத்துல போகும். 1957ல கம்பனி மொடல் நம்பர் போட ஆரம்பிச்சப்போ இதுக்கு 29னு வச்சாங்க. ஸ்டெயின்லஸ்ல முதல் ரிவோல்வர 1965லயே விட்டுட்டாங்க, அது சின்ன .38. பெரிய .44 ஸ்டெயின்லஸ்ல வர எழுபதுகளோட கடைசி ஆயிடுச்சு, 29க்கு முன்னால ஒரு 6 சேத்து 629. பழசு வாங்க வர்றவன் தெரிஞ்சுக்க வேண்டியது, சிலிண்டர, ரவை போடுற ஆறு ஓட்டை உருளைய, வெளிய தள்ளினா ப்ரேமோட இடுக்குல 629க்குப் பின்னால ஒரு கோடு போட்டு இன்னொரு இலக்கம் அடிச்சிருக்கும், அது எந்தக் காலத்து திருத்தம்னு சொல்லும். 2000ம் ஆண்டுக்கு கொஞ்சம் பின்னால வந்ததுல பக்கத்துல சின்ன சாவி ஓட்டை ஒண்ணு இருக்கும், பூட்டு. நிறையப் பேருக்கு அந்த ஓட்டை புடிக்காது, அதனால முந்தினதுக்கு வெல கூட. எனக்கு அதுல பெரிய அபிப்பிராயம் இல்ல, ஆனா மாப்ளைக்கு ஓட்டை வேணாமாம்.

கடைல ரெண்டு இருந்திச்சு. ரெண்டும் 629, ரெண்டும் தொண்ணூறுகள்ல செஞ்சது, ரெண்டும் நாலு இஞ்சி பெரல், அதாவது குழல். ஒண்ணு 900 டொலர், கண்ணாடி மாதிரி மினுங்குது, அதுல மாப்ளயோட மூஞ்சி தெரியுது. மத்தது 850, மங்கல், சிலிண்டர சுத்தி கோடு விழுந்திருக்கு, பெரல்ல ஹோல்ஸ்டர் தேஞ்ச வெள்ளை, ரப்பர் பிடில ஒரு மூலை கடிபட்டிருக்கு. மாப்ள கையே மினுங்குறதுலதான் போவுது. கடைக்காரரு கூட அதைத்தான் முன்னால தள்ளினாரு.

கம்பனி இத கண்ணாடி மாதிரி மினுக்கி அனுப்புறதில்ல, மெல்லிசா ஒரே பக்கம் தேய்ச்ச மாதிரி மங்கலாத்தான் வரும், பாத்திரம் தேய்ச்ச கோடு மாதிரி. இது யாரோ வீட்டுல பஃப் வீல்ல வச்சி தேய்ச்சது. அது குத்தமில்ல, ஆசைக்குச் செய்வாங்க. ஆனா பஃப் பண்ணினா மூலையெல்லாம் மழுங்கும், எங்க ஸ்டோர்ல பெரிய தொர வாறாருன்னு பித்தளை போர்டெல்லாம் தேய்ச்சித் தேய்ச்சி எழுத்தே அழிஞ்ச கதை இருக்கு. "மாப்ள பெரல் எழுத்தக் காட்டுங்க"ன்னேன். கம்பனிப் பேரோட ஓரம் சோப்பு மாதிரி கரைஞ்சிருக்கு. பக்கத்து மூடி, சைட் ப்ளேட், ப்ரேமோட சேர்ற கோடு புதுசுல தலைமுடி மாதிரி இருக்கும், விரல் வச்சா தெரியாது, இதுல பள்ளமா தெரியுது. ஸ்க்ரூ தலை மூணுல ரெண்டு கடிபட்டு, அத மறைக்க அதையும் தேய்ச்சிருக்கு. அப்ப யாரோ மூடிய கழட்டி உள்ள கை வச்சிருக்கான்.

கறுப்புத் துவக்குல இந்த வேல செய்ய ஏலாது. பூச்சு போனா போச்சு, திரும்பப் பூசினாலும் தெரிஞ்ச கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். ஸ்டெயின்லஸ் உள்ளயும் வெளியும் ஒரே உலோகம், தேய்ச்சா புதுசு வந்துடும், பத்து வருஷத்துக் கதைய பத்து நிமிஷத்துல வழிச்சி எறியலாம். அதனால வீல் போகாத எடத்தத்தான் பாக்கணும்னு சொன்னேன். சிலிண்டர வெளிய தள்ளி, பெரல் ப்ரேமுக்குள்ள மூக்கு நீட்டுற எடத்துக்கு நேர் மேல, கூரைல, டோர்ச் அடிக்கச் சொன்னேன். அங்க எந்த வீலும் நுழையாது. வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் சிலிண்டருக்கும் பெரலுக்கும் நடுவுல இருக்கிற சந்துல நெருப்பு பக்கவாட்டுல பீச்சும், அது மேல கூரைய கொஞ்சம் கொஞ்சமா அறுக்கும், வெல்டிங் டோர்ச் மாதிரி. சும்மா சுட்ட எல்லா மெக்னத்துலயும் மெல்லிசா ஒரு கோடு இருக்கும், கொஞ்ச ஆழம் போனதும் தானா நின்னுடும், அதுக்குப் பயப்பட வேணாம். இதுல கோடு இல்ல, வாய்க்கால். பெரலோட பின் வாயும் சொரசொரன்னு அரிச்சிருக்கு. மூஞ்சி கழுவி பவுடர் போட்டாச்சு, கழுத்த தொடைக்க மறந்துட்டாங்க.

அப்புறம் ஃபீலர் கேஜ். துவக்கு வெறுமையா இருக்குன்னு கடைக்காரரும் இவரும் தனித்தனியா பாத்த பொறகு, சிலிண்டர உள்ள மூடி, பின்னால இழுத்துப் புடிச்சிக்கிட்டு சந்த அளக்கச் சொன்னேன், 0.30 மில்லிமீட்டர் பிளேட் போவுது. முன்னால தள்ளிப் புடிச்சா 0.10 தான் போவுது. அப்ப சிலிண்டர் முன்ன பின்ன 0.20 ஆடுது. இந்த சைஸ் சாமானுக்கு அது அளவுக்கு மிஞ்சின ஆட்டம், தண்டு முழுக்க தேஞ்சி போயிருக்கு, ரோலர் கிராங்க்ல புஷ் போனா எப்படி ஒவ்வொரு சுத்துக்கும் டங் டங்னு இடிக்குமோ அப்படி ஒவ்வொரு வெடிக்கும் இடிச்சி இடிச்சி இன்னும் தேயும். கடைசியா கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு ஹமர, ரவைய அடிச்சி வெடிக்க வைக்கிற சுத்தியல, பின்னால இழுத்து நிப்பாட்டி, ட்ரிகர தொடாம, பெருவிரலால ஹமர பின்னாலருந்து முன்னால தள்ளச் சொன்னேன். விழுந்திடுச்சு. விழக்கூடாது. ட்ரிகர லேசாக்குறேன்னு யாரோ உள்ள அரம் போட்டு கொக்கியோட மூலைய சீவியிருக்கான். கடைக்காரர் மூஞ்சி மாறிடுச்சுன்னு மாப்ள சொன்னாரு, நல்ல மனுசன் போல, அத எடுத்து உள்ள வச்சிட்டாரு.

மங்கல்காரன எடுத்தோம். எழுத்தெல்லாம் நகத்துல தட்டுற மாதிரி கூரா இருக்கு. ஸ்க்ரூ தலை ஒண்ணும் கடிபடல. சந்து 0.15, முன்ன பின்ன ஆட்டம் கேஜ்ல புடிபடல. கூரைல மெல்லிசா ஒரு கோடு, அவ்வளவுதான். ஹமர மெதுவா, சிலிண்டர ஒரு விரலால லேசா தடுத்துக்கிட்டே, இழுக்கச் சொன்னேன், ஆறு ஓட்டைக்கும். ஹமர் முழுசா நிக்கிறதுக்கு முந்தியே சிலிண்டர் பூட்டு "டிக்"னு விழணும், இல்லாட்டி ஓட்டையும் பெரலும் நேரா நிக்காது. ஆறுக்கும் விழுந்திச்சு. அந்த டிக் சத்தம் வட்ஸ்அப்ல பதிமூணரை மணி நேர வித்தியாசத்தத் தாண்டி வந்து என் பிளேன்டீய ஆற வச்சிடுச்சு, அஞ்சாவது ஓட்டைக்கு வரும்போது நான் குடிக்க மறந்துட்டேன். அப்புறம் ஹமர தள்ளிப் பாத்தாரு, பாறை மாதிரி நிக்குது. சிலிண்டர சுத்தி இருந்த கோடு என்னன்னு மாப்ள கவலைப்பட்டாரு, அது பூட்டு உரசுற கோடு, சுத்துற சாமானுக்கு தழும்பு வரத்தான் செய்யும். சிலிண்டர் முகத்துல ஆறு ஓட்டையச் சுத்தியும் கறுப்பு வளையம், நெருப்பு பட்டது, அதையும் சொரண்ட வேணாம்னேன். முன்னாடி வச்சிருந்தவரு வயசான ஒரு மீன்புடி ஆளாம், நிறைய சொமந்திருக்காரு, கொஞ்சமாத்தான் சுட்டிருக்காரு, கையில எடுத்ததும் தெரியுது.

வெல 850ல இருந்து 800க்கு வந்திச்சு, பிடில கடிபட்ட மூலைய காட்டி. பேப்பர் வேல நான் நெனச்சதவிட நேரம் எடுத்திச்சு. 4473ன்னு ஒரு ஃபோம், அதுல கிரீன் கார்டோட இலக்கம் வரைக்கும் போடணும், கடைக்காரர் அத வச்சி செக் பண்ணுவாரு, பழைய வழக்கு இருக்கா, வாங்கத் தகுதி இருக்கான்னு. சும்மா விசிட் விசால போனவங்க பொதுவா வாங்க ஏலாது. கையெழுத்து வைக்கும்போது மாப்ள கை நடுங்கிச்சாம். 800 டொலர்ங்கிறது அன்னைக்கு ரேட்டுக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் கிட்ட வரும், எங்க தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்களுக்கு அடிப்படை நாள் சம்பளம் அப்ப 1350, நூத்தி எழுபத்தெட்டு நாள் பெரட்டுக்குப் போகணும். அந்தக் கணக்க நான் அவருக்குச் சொல்லல, அம்மா போட்டுட்டாங்க.

இப்ப என் பிழைக்கு வர்றேன்.

அடுத்த சனிக்கிழம மாப்ள ரேஞ்சுக்குப் போனாரு. எங்களுக்கு ஞாயிறு விடிய மூணரை. முதல்ல .44 ஸ்பெஷல் ரவை, அது மெக்னத்த விட கொஞ்சம் கட்டை, ஒதைப்பும் கம்மி, அதே சிலிண்டர்ல போட்டு சுடலாம். அது நல்லா போச்சு. அப்புறம் மெக்னம் ஆறு. ஆறும் வெடிச்சிச்சு. ஆறுக்கப்புறம் சிலிண்டர் தொறக்க மாட்டேங்குது. பக்கத்துல இருக்கிற பொத்தான எவ்வளவு தள்ளினாலும் அசையல. எனக்குக் கோல். நான் போர்வைக்குள்ள இருந்தே, படத்தப் பாத்ததும் வெளங்கிடுச்சு, சிலிண்டர் நடுவுல முன்னால நீட்டிக்கிட்டிருக்கிற அந்தக் கம்பி, ரவைக் கோத வெளிய தள்ளுற எஜெக்டர் ரொட், மரை கழண்டு முன்னால வந்திருக்கு. அதோட நுனி பெரலுக்கு அடில இருக்கிற ஸ்ப்ரிங் பூட்டுக்குள்ள போய் மாட்டிக்கிட்டா கதவு தொறக்காது. கடைல எல்லாத்தையும் அளந்த நான் இந்தக் கம்பிய விரலால ஒரு தடவ திருகிப் பாருங்கன்னு சொல்லல. ரெண்டு செக்கன் வேல. அதுதான் கோட்டை விட்ட எடம்.

அடுத்தது, அத இறுக்கச் சொன்னேன். எந்தப் பக்கம்? தூக்கக் கலக்கத்துல "வழக்கம் போலதான், வலப்பக்கம் திருகுங்க, விரல்ல புடிபடாட்டி மூக்கு ப்ளையர் போடுங்க"ன்னேன். போட்டாரு. இன்னும் இறுகிடுச்சு, இப்ப சிலிண்டர் சுத்தவும் மாட்டேங்குது. ரேஞ்ச பாத்துக்கிற பெரியவர் ஒருத்தர் வந்து, துவக்க இலக்குப் பக்கமே பாக்க வச்சிக்கிட்டு, ப்ளையர வாங்கிக் கீழ வச்சிட்டு, விரல் நுனியால மத்தப் பக்கம் நாலு சுத்து சுத்தினாராம். பொத்தான தள்ளினாரு, தொறந்திடுச்சு. "லெஃப்ட் ஹேண்ட் த்ரெட்" அப்படின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாராம்.

எனக்கு அப்புறம் தூக்கம் வரல. ஏன்னா இது எனக்குத் தெரிஞ்ச விஷயம். எங்க ஸ்டோர்ல பெஞ்ச் கிரைண்டர் இருக்கு, அதோட இடப்பக்க வீல் நட் இடமரை, சைக்கிள் இடது பெடல் இடமரை, சுத்துற சாமான் தன் மரைய தானே கழட்டிக்கக் கூடாதுன்னு. இந்தக் கம்பனி ரிவோல்வர்ல சிலிண்டர் பின்னாலருந்து பாத்தா இடப்பக்கமா சுத்தும். கம்பியோட நுனி முன்னால பூட்டுல உரசும். வலமரையா இருந்தா அந்த உரசலே சுத்துக்குச் சுத்து கழட்டி விட்டுடும், பழசுல அப்படித்தான் இருந்து தொல்ல குடுத்து அறுபதுகள்ல இடமரையா மாத்தினாங்க. கோல்ட் கம்பனி சிலிண்டர் மத்தப் பக்கம் சுத்தும், அது வேற கணக்கு. இருபத்தாறு வருஷம் கிரைண்டர் வீல் மாத்தினவன் ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். இடமரை ஆனாலும் கழண்டிருக்குன்னா முன்னாடி எப்பவோ சரியா இறுக்காம விட்டிருக்காங்க, மெக்னத்தோட ஒதைப்புல மிச்சத்தையும் விட்டுடுச்சு.

அடுத்த நாள் ஒழுங்கா செஞ்சோம். சிலிண்டர கழட்டி, ஆறு ஓட்டைலயும் வெறும் கோத போட்டு, அப்பதான் பின்னால நட்சத்திரம் மாதிரி இருக்கிற துண்டுக்குத் தாங்கல் கெடைக்கும், இல்லாட்டி திருகும்போது அதுல இருக்கிற ஊசி முறியும். கம்பிக்கு தோல் சுத்தி, ட்ரில் சக்ல மெதுவா கவ்வ வச்சி, மரைல நீல லொக்டைட், மரை கழராம புடிக்கிற பசை, ஒரே ஒரு சொட்டு, இடப்பக்கம் இறுக்கி ஒரு ராத்திரி விட்டோம். அதோட இன்னொரு சின்ன விஷயமும் சரியாச்சு, ரெண்டு ஓட்டைல மெக்னம் கோது வெளிய வர அடம்புடிச்சிச்சு, கட்டையான ஸ்பெஷல் ரவைய அந்த வயசான ஆள் சுட்டுட்டு வருஷக்கணக்கா தேய்க்காம விட்டு, கோது முடியிற எடத்துல கரி ஒரு மோதிரம் மாதிரி படிஞ்சிருந்திச்சு. வெண்கல ப்ரஷ்ஷும் சொல்வன்ட்டும் போட்டு அரை மணி நேரம் தேய்ச்சதும் வழுக்கிக்கிட்டு வருது. ஸ்பெஷல் சுட்டா அன்னைக்கே தேய்ச்சிடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் முன்னூறு ரவைக்கு மேல போயிடுச்சு, ஒண்ணும் கழரல. மாப்ள இப்ப அத நெஞ்சுல கட்டுற தோல் உறைல போட்டுக்கிட்டுத்தான் ஆத்துக்குப் போறாரு, பக்கத்துலயே ஸ்ப்ரே டப்பா. கரடிய தூரத்துல நாலு தடவ பாத்திருக்காரு, உறைல கைவைக்க வேண்டி வரல. சாயந்தரம் வீட்டுக்கு வந்து, பூட்டுற பெட்டிக்குள்ள வைக்கிறதுக்கு முந்தி, வெறுமையாக்கி, ஈரத்துணியால தொடைச்சி, காஞ்ச துணியால தொடைச்சி, எண்ண பூசி வீடியோ கோல்ல காட்டுவாரு. எனக்கு அந்த நேரம் கொழுந்து வண்டி வர்ற நேரம், ஆனாலும் பாப்பேன். கிட்டத்தட்ட ஒண்ணேகால் கிலோ உலோகம், ஆறு ஓட்டை, அத்தன பாரமும் சேந்து ஒரு சின்ன பூட்டுல போய் டிக்னு நிக்கிறத வேற எந்த மெஷின்லயும் அவ்வளவு கிட்டக்க பாத்ததில்ல. ஜன்னல் வெளிச்சம் மங்கல் உலோகத்துல பட்டா வெள்ளியும் இல்ல ஈயமும் இல்ல, மழை நின்ன பொறகு காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணி இருக்குமே, அந்த நிறம். மினுக்கினதுல மூஞ்சிதான் தெரிஞ்சிச்சு. பெரல்ல இருந்த ஹோல்ஸ்டர் கீறல பாத்திரம் தேய்க்கிற பச்சைப் பேடால ஒரே பக்கமா நாலு இழு இழுத்தா எடுக்கலாம்னு சொன்னேன், மாப்ள வேணாம்னுட்டாரு. அந்த வயசான ஆளோட கீறல் அது, கெடக்கட்டுமாம்.

இன்னொரு கீறலும் இருக்கு. எஜெக்டர் ரொட் தலைல, பல்லு போட்ட எடத்துல, மூக்கு ப்ளையர் வழுக்கின கோடு. அது நான் போட்டது. எப்பவாவது இந்தத் துவக்கு திரும்ப ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு மேல பச்சைத் துணில படுக்கும், வாங்க வர்றவன் வெவரமான ஆளா இருந்தா சிலிண்டர தள்ளி, டோர்ச் அடிச்சி, கூரையப் பாத்து, சந்த அளந்து, எல்லாம் சரின்னு தலையாட்டிட்டு கடைசில அந்தக் கோட்டுல வந்து நிப்பான், யாரோ ஒரு மடையன் இத மத்தப் பக்கம் திருகியிருக்கான்னு சொல்லி அம்பது டொலர் கொறைக்கச் சொல்வான்.